ஆசிரியர் வாசிப்பு வட்டம்: எப்போது கூடுவது, எதை வாசிப்பது?

கேள்வி: ஆரம்பப்பிரிவு ஆசிரியை, துணுக்காய்

அனைவருக்கும் வணக்கம். துணுக்காய்ப் பகுதியில் ஒரு சிறிய பாடசாலையில் கற்பிக்கிறேன். கற்பித்தல் பற்றிய எழுத்துகளைச் சக ஆசிரியர்களாகச் சேர்ந்து வாசித்து, அவற்றை எங்கள் வகுப்பு அனுபவத்தோடு வைத்துப் பேசுவதற்கு ஒரு வட்டம் தொடங்க விரும்புகிறோம். அதிபரும் சம்மதித்துவிட்டார். செயலமர்வுகளுக்குப் போய்வருகிறோம், அவற்றால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால், என் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படும் ஒரு பிள்ளையைப் பற்றி இன்னொருவரோடு அமர்ந்து யோசிக்கும் வாய்ப்பு அங்கே கிடைப்பதில்லை.

இடர்கள் இரண்டு. ஆசிரியர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்துபோகிறவர்கள், 1.30க்குப் பாடசாலை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் வீடு போய்ச்சேர இருட்டிவிடும். அடுத்தது, ஆசிரியர்கள் கூடினால் பேச்சு இடமாற்றத்திலும் சம்பளத்திலும் போய் நின்றுவிடுகிறது. அவையும் பேச வேண்டிய விடயங்களே. ஆனாலும் வாசிப்புக்கென்று ஒதுக்கிய நேரத்தை அவை விழுங்கக்கூடாது என்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுவீர்களா?

பதில் 1: ஓய்வுநிலை ஆசிரிய ஆலோசகர், கிளிநொச்சி

மகள், நல்ல காரியம். முழு நூலோடு தொடங்காதீர்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. நூலை வாசித்து முடிக்காதவர் வெட்கப்பட்டு அடுத்த கூட்டத்துக்கு வராமல் விடுவார், பிறகு வட்டமே கரைந்துவிடும். இரண்டு பக்கங்களைப் பிரதி எடுத்து, கூடிய இடத்திலேயே ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். அப்போது ஆயத்தமில்லாமல் வந்தவர் என்று எவரும் இருக்கமாட்டார்.

நேரத்தைப் பொறுத்தவரை, பாடசாலை விட்டபின் கூடுவதை மறந்துவிடுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளையில் உங்கள் எல்லோருக்கும் ஓய்வு கிடைக்குமாறு நேரசூசியை அமைக்க அதிபரால் முடியும். சிறிய பாடசாலையில் அது இலகுவல்ல என்பதை அறிவேன். ஆனால், தவணைத் தொடக்கத்தில் கேட்டால் நடக்கும், நடுவில் கேட்டால் நடக்காது. அதிபரையும் வட்டத்தில் ஒருவராக அமரச் சொல்லுங்கள்.

பதில் 2: கணித ஆசிரியர், புதுக்குடியிருப்பு

வணக்கம் மிஸ். எங்கள் வட்டத்தில், வாசிப்பதற்கு ஒரு கட்டுரை இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு பிள்ளையின் கொப்பியும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பேச்சு வேறு பக்கம் போகாமல் காத்தது இந்த ஒழுங்குதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தரம் 4 பிள்ளையொன்று 403இலிருந்து 168ஐக் கழித்து 365 என்று எழுதியிருந்தது. கவனக்குறைவு என்றார் ஒருவர். வாய்பாடு தெரியாது என்றார் இன்னொருவர். அதே பக்கத்தில் இருந்த மற்றக் கணக்குகளையும் வரிசையாகப் பார்த்தபோதுதான், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தை அந்தப் பிள்ளை கழித்திருப்பது தெரிந்தது: 4இலிருந்து 1, 6இலிருந்து 0, 8இலிருந்து 3. பிள்ளையிடம் ஒரு விதி இருக்கிறது, அதைத் தவறாமல் பின்பற்றுகிறது, விதிதான் பிழை. இவ்வகைப் பிழைகள் தற்செயலானவை அல்ல, ஒழுங்குடையவை என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான ஜோன் சீலி பிரவுண், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகியோர் 1978இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். அதன் சாரத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வாசித்த பிறகு, ‘கவனமாகச் செய்’ என்று சிவப்பு மையில் எழுதுவதை நாங்கள் குறைத்துக்கொண்டு, ‘எப்படிச் செய்தாய், சொல்லு பார்ப்போம்’ என்று கேட்கத் தொடங்கினோம்.

ஜப்பானிய ஆசிரியர்களின் பாட ஆய்வு முறையும் உங்களுக்கு உதவும். ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க, மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறித்து, முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவார்கள். 1999இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் எழுதிய நூலுக்குப் பின்னர் அந்நாட்டுக்கு வெளியிலும் இது பரவலாக அறியப்பட்டது. பார்க்கப்படுவது ஆசிரியர் அல்ல, பிள்ளைகளின் கற்றல் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் எவரும் தன் வகுப்புக் கதவைத் திறக்கமாட்டார்.

பதில் 3: தமிழ் ஆசிரியை, நெடுங்கேணி

முதலாவது பதிலில் ஐயா சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதிபர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் அமர்ந்திருக்கும் இடத்தில், ‘இந்த அலகை எனக்குப் படிப்பிக்கத் தெரியவில்லை’ என்று ஓர் இளம் ஆசிரியர் வாய்திறந்து சொல்லமாட்டார். முதல் தவணையாவது நீங்களாகவே கூடுங்கள். கூட்டக் குறிப்பு, புகைப்படம், கோவை எதுவும் வேண்டாம். அவை வந்தால் வட்டம் இன்னுமொரு கடமையாகிவிடும்.

வன்னியில் இருக்கும் நாங்கள் சேர்ந்து யோசிக்க வேண்டிய ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். ‘வீட்டில் படிப்பிக்கிறார்கள் இல்லை’ என்று பெற்றோரைக் குறை சொல்லாத ஆசிரியர் அறை இல்லை. இன்று எங்கள் ஆரம்பப்பிரிவில் இருக்கும் பிள்ளைகளின் தாய்தந்தையரில் எத்தனையோ பேர், 2008இலும் 2009இலும் போரினால் இடத்துக்கிடம் ஓடி, மரத்தடியிலும் பின்னர் முகாம் கொட்டிலிலும் படித்து, சிலர் படிப்பையே விட்டவர்கள். பிள்ளையின் கொப்பியைக் கையில் வாங்கவே கூச்சப்படும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அக்கறை இல்லாததால் வந்த கூச்சம் அல்ல அது. ஒருவரோடொருவர் பேசிப் பார்க்கும் இடம் இல்லாவிட்டால் இந்த வேறுபாடு எங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த தவணைக்கான நேரசூசி இன்னும் இறுதியாகவில்லை. அதனால் வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளையைக் கேட்டிருக்கிறோம். அதிபரிடம் காரணத்தைச் சொல்லி, முதல் தவணை மட்டும் எங்களைத் தனியே விடுமாறு கேட்கப் போகிறேன். கணித ஆசிரியர் அவர்களே, நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கச் சாரத்தை இங்கே பதிவிட முடியுமானால் எங்கள் முதலாவது வாசிப்பாக அதையே எடுத்துக்கொள்வோம். கழித்தல் கொப்பிகள் எங்களிடம் தாராளமாக இருக்கின்றன.