ஜிஐ தகட்டில் வெல்டிங் பிடித்தபின் வெடிப்பு: உங்களுக்கு நடந்ததா?

பரந்தன் பட்டறை:
போன சிறுபோகத்துக்கு லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் வைக்க ஒரு தண்ணீர்த் தொட்டி செய்தேன். ஒன்றரை மில்லிமீற்றர் ஜிஐ தகடு, அதாவது நாகம் (துத்தநாகம்) பூசின இரும்புத் தகடு. மூலையைக் கிளாம்பால் இறுக்கி, ஒரே ஓட்டில் வெல்டிங் பிடித்தேன். ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். கசடு தட்டிப் பார்த்தால் வெல்டிங்கில் பிழையில்லை. அதன் ஓரத்தில், தகட்டில்தான் மயிர் போல ஒரு கோடு. பின்பக்கம் சோக் தூள் பூசி முன்பக்கம் மண்ணெண்ணெய் தடவினேன். வெள்ளைத் தூளில் அந்தக் கோடு அப்படியே ஈரமாக எழுந்து வந்தது. மேலேயே இன்னொரு ஓட்டு ஓட்டினேன், வெடிப்பு இரண்டு விரல் தள்ளிப் போனது. தொட்டிக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாங்குளம்காரன்:
வெல்டிங் குச்சி ஈரமாக இருந்திருக்கும் அண்ணை. எனக்கு மாரியில் ஒரு கேற்றில் அப்படித்தான் ஆனது. வெயிலில் காயவைத்த பிறகு சரி.

ஒட்டுசுட்டான் மூத்தவன்:
தம்பி, ஈரக் குச்சி என்றால் வெல்டிங்குக்குள் துளை விழும். ஓரத்துத் தகடு வெடிப்பது நாகத்தால். நாகம் 420 பாகை செல்சியஸில் உருகிவிடும், இரும்பு உருக 1500 வேண்டும். உருகின நாகம், இழுபட்டு நிற்கிற இரும்பின் மணிகளுக்கு இடையில் புகுந்து பிளக்கிறது. கிளாம்ப் இறுக்கம் கூடினால் இழுவையும் கூடும். வெல்டிங் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் நாகத்தைத் தேய்த்து எடுங்கள். முகப்பை மட்டும் தேய்த்தால் போதாது, மடிப்புக்குள் மறைகிற முகத்தையும் தேய்க்க வேண்டும். பலர் விடுவது அதைத்தான். கரண்டைக் குறைத்து, ஓர் அங்குலம் பிடித்து, தள்ளி இன்னோர் இடத்தில் பிடித்து, ஆறவிட்டுத் திரும்பி வாருங்கள். வெடித்த இடத்துக்கு மேலே ஒருபோதும் ஓட்டாதீர்கள். கோட்டின் நுனியில் சின்னத் துளை போட்டு, வெடிப்பு முழுவதையும் கிரைண்டரால் தோண்டி எடுத்த பிறகுதான் பிடிக்க வேண்டும். முடிந்ததும் நாகப் பெயின்ற் அடியுங்கள், இல்லாவிட்டால் முதலில் கறள் ஏறுவது அங்கேதான்.

விசுவமடு:
நாகத்தைத் தேய்க்காமல் மூடின கொட்டிலுக்குள் வேலை செய்து, அன்றிரவு குளிர்காய்ச்சலில் நடுங்கினேன். மனைவி மூன்று போர்வை போர்த்தினா. விடிய எழும்பினேன், ஆனால் நாகம் எரிந்து வந்த அந்த வெள்ளைப் புகையின் இனிப்பு வாயிலேயே நின்றது. பால் குடித்தால் போகும் என்று நம்பியிருக்காதீர்கள். வெளியில் வைத்து, காற்று முதுகுப்பக்கம் வர நின்று செய்யுங்கள்.

பரந்தன் பட்டறை:
மூத்தவர் அண்ணை, உள்மடிப்பை நான் தேய்க்கவே இல்லை. தொட்டி இன்னும் அவர் வளவில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் ஏற்றி வருகிறேன்.