புதுப்பிப்பு: எட்டு சென்டிமீட்டர் டெடி கரடியின் மூட்டும் முகமும்

உள்ளங்கையில் அடங்கும் எட்டு சென்டிமீட்டர் டெடி கரடி ஒன்றைக் கையாலேயே தைத்துவருவதாகவும், கை கால்களை நூலால் இணைப்பதா, தட்டையான வட்டுகளும் காட்டர் பின்னும் (இரு கால்களாகப் பிரியும் உலோக ஊசி) வைத்து இணைப்பதா என்று முடிவு செய்யவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். கரடி இப்போது முழுமை பெற்றுவிட்டது.

வட்டு மூட்டையே தேர்ந்தெடுத்தேன். நூல் மூட்டு எளிது, ஆனால் நாளடைவில் தளரக்கூடியது. இரண்டு வட்டுகளுக்கு நடுவே துணி இறுகப் பிடிபட்டு, பின்னின் இரு கால்களும் குறடால் சுருட்டப்பட்டுவிட்டால், கையை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் அது அங்கேயே நிற்கிறது. தலைக்கு இந்த உறுதி இன்னும் அவசியம்.

துணி, குட்டை முடி மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டு முடியால் ஆன துணி. முடி சேதமாகாமல் இருக்க, கத்தரியின் நுனியைப் பின்பக்க நெசவுக்குள் மட்டும் செலுத்திச் சிறிது சிறிதாக வெட்டினேன். தையலோரத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் இடம் என்பதால், நூல் பிரியாதிருக்க விளிம்பில் பசை தடவி, உலர்ந்த பிறகே நெருக்கமாகப் பின்தையல் போட்டேன்.

முகம்தான் அதிக நேரம் எடுத்தது, எடுக்கவும் வேண்டும். கண்களுக்கான இரண்டு மில்லிமீட்டர் கறுப்பு மணிகளைத் தைப்பதற்கு முன் கறுப்புத் தலை கொண்ட குண்டூசிகளைக் குத்தி இடம் பார்த்தேன். கண்கள் சற்றே கீழிறங்கி நெருங்கியதும் முகத்தில் ஒரு குட்டியின் சாயல் வந்துவிட்டது. மூக்கைச் சுற்றியுள்ள முடியை ஒட்டக் கத்தரித்து, ஒற்றை இழை நூலால் மூக்கை நிரப்பினேன்.

வயிற்றில் பஞ்சோடு நுண்ணிய எஃகுக் குண்டுகளும் இருப்பதால் கரடி கையில் கனமாக அமர்கிறது. மணிகள் கழன்று வரக்கூடும் என்பதால் சிறு குழந்தைகளிடம் இதைக் கொடுக்கக் கூடாது.