சைக்கலாஜிக்கல் சேஃப்டி: 'சொற்புகல்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பணிக்குழுக்களைப் பற்றிப் பேசும்போது 'சைக்கலாஜிக்கல் சேஃப்டி' (ஐயத்தையோ பிழையையோ அஞ்சாமல் சொல்லலாம் என்ற குழுச்சூழல்) என்பதை 'உளவியல் பாதுகாப்பு' என்று பெயர்த்துவிடுகிறோம். உளவியல் என்பது ஒரு துறையின் பெயராதலால், படிப்பவர் மனநல ஆலோசனையை நினைத்துக்கொள்கிறார். 'மனப் பாதுகாப்பு' என்றாலோ ஆறுதல் தொனிதான் மிஞ்சுகிறது.

இதற்குத் தமிழ்ச்சொல் தேடிய நம் முந்தைய மடல்களில் முன்வைக்கப்பட்ட 'அவையஞ்சாமை' எனக்கும் பிடித்த சொல்தான். குறளில் அதிகாரப் பெயராகவே இருப்பதால் அறிமுகமும் தேவையில்லை. ஆனால் அது பேசுபவரின் கல்வியையும் துணிவையும் குறிப்பது. இக்கருத்தை ஆராய்ந்த மேலாண்மை அறிஞர் எமி எட்மண்ட்சன் 1999-இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை பேசுவதோ, ஐயம் கேட்டாலும் பிழையை ஒப்புக்கொண்டாலும் இங்கே நம்மை யாரும் இழிவுபடுத்த மாட்டார்கள் என்று குழுவினர் பொதுவாகக் கொண்டிருக்கும் நம்பிக்கையைப் பற்றி. அதற்கு முன் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை அவர் ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறவில்லை, தவறியதை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். அந்தச் செவிலியர்களை அவையஞ்சாதவர்கள் என்று புகழ்ந்துவிட்டால், அவர்களைச் சொல்லவிட்ட மேற்பார்வையாளர் கணக்கிலேயே வரமாட்டார்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மென்பொருள் குழுவில், "யாருக்காவது டவுட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே மேலாளர் மடிக்கணினியை மூடிவிடுவார். எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவோம். பத்து நிமிடம் கழித்து எதிர்த் தேநீர்க் கடையில், அந்த வார வெளியீடு எந்த இடத்தில் முறியும் என்பதை, சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண் பெஞ்சில் சிந்திய தேநீரை விரலால் இழுத்து வரைந்து காட்டுவார். துணிவில் அவருக்கு என்ன குறை? கூட்ட அறையில் இல்லாத ஒன்று அந்தப் பெஞ்சில் இருந்தது. பெயர் வேண்டியது அதற்குத்தான்.

ஆகவே 'சொற்புகல்' என்று முன்மொழிகிறேன். புகல் என்பது அடைக்கலம். புகலுதல் என்றால் சொல்லுதலும்கூட. அடைக்கலம் என்றவுடன் அதை அளிப்பவர் ஒருவர் உண்டு என்பதும் தெரிந்துவிடுவதால், பொறுப்பு தலைவரின் பக்கம் போகிறது. மினியாபொலிஸ் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்தில் இருந்த ஜூலி மொராத், தவறு செய்தீர்களா என்று ஊழியர்களைக் கேட்காமல், நோயாளிகளுக்கு எல்லாம் நீங்கள் விரும்பிய அளவுக்குப் பாதுகாப்பாக நடந்ததா என்று கேட்டதை எட்மண்ட்சன் எடுத்துக்காட்டுகிறார். இப்படிக் கேட்டால், குறையைச் சொல்பவர் குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை. இதையே 'சொற்புகல் அளித்தல்' என்கிறேன். கேட்பதோடு இது முடியாது. கசப்பான பதில் வந்த அந்த நொடியில் தலைவரின் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் குழு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

'சொற்புகலுள்ள குழு', 'சொற்புகலின்மை', 'சொற்புகல் அளவீடு' எனக் கிளைச்சொற்கள் தடையின்றி அமைகின்றன. வேலைத்தரத்தில் சலுகை என்ற பொருளும் இதில் ஏறவில்லை. புகல் சொல்லுக்குத்தான், மெத்தனத்துக்கு அன்று.

ஒரு தயக்கம் மட்டும் உண்டு. புகலிடம் என்றாலே அரசியல் தஞ்சம் நினைவுக்கு வரும் ஈழத்து நண்பர்களின் காதில் இது எப்படி விழுகிறது? அவர்கள் எழுதிய பிறகு சொற்பட்டியலில் ஏற்றலாம்.