வேலையை விடாமல் பகுதிநேர எம்.எஸ்சி. பிசியோதெரபி படிக்க முடியுமா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கோத்தகிரி_பிசியோ:

எல்லாருக்கும் வணக்கம். பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டு கோத்தகிரியில் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் வீடுகளுக்கும் போய்ப் பார்ப்பேன். மேலே படிக்கணும் என்று ரொம்ப நாளாகவே ஆசை. கோயம்புத்தூரில் எம்.பி.டி. (அதன் முதுநிலைப் பட்டம்) என்றால் 2 வருஷம் முழுநேரம். பையன் ஐந்தாம் வகுப்பு. மாமியாருக்கு உடம்பு முடியாது. வீட்டுக்காரருக்கு டீ ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவதெல்லாம் நடக்காத காரியம். அதனால்தான் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் நடத்துகிற பகுதிநேர அட்வான்ஸ்டு மஸ்குலோஸ்கெலிட்டல் (தசை, எலும்பு, மூட்டு) பிசியோதெரபி எம்.எஸ்சி. படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றில் பெரும்பகுதி ஆன்லைன்.

எதற்கு இந்த ஆசை என்றும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் தோட்டத்தில் இலை எடுக்கிற அக்காக்கள். "ஏறும்போது ஒண்ணும் தெரியல, எறங்கும்போதுதான் உயிர் போகுது" என்பார்கள். இலை மூட்டையோடு சரிவில் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது, சிப்பி எலும்புக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. இது பி.பி.டி. படித்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் கைக்கு வருகிற டாக்டர் சீட்டில் "ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், 10 சிட்டிங்" என்று வலிக்கு வைக்கிற மெஷின்கள் மட்டும்தான் இருக்கும்.

போன வாரம் வந்த ஒரு அக்காவை எங்கள் வாசல் படியில் ஒற்றைக் காலில் நிற்க வைத்து, அடுத்த காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மெதுவாக இறக்கச் சொன்னேன். பாதி இறங்குவதற்குள் முட்டி உள்பக்கம் சாய்ந்தது, இடுப்பும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. வலி என்னவோ முட்டியில்தான், ஆனால் வேலை இடுப்பிலும் இருக்கிறது என்று தோன்றியது. அது சரியா, எவ்வளவு பாரத்தில் பயிற்சியை ஆரம்பிக்கலாம், வலி இருக்கும்போதே தோட்டத்துக்குப் போகச் சொல்லலாமா? கேட்டுத் தெரிந்துகொள்ள இங்கே எனக்கு ஆள் இல்லை. மெஷினை மாட்டிவிட்டு அனுப்புகிற வேலையை மட்டும் வாழ்நாள் முழுக்கச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

கையால் செய்கிற வேலையை ஆன்லைனில் படித்தால் கை வருமா? அந்தப் பட்டம் இங்கே செல்லுமா? படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கூடலூர்_வீட்டுவிசிட்:

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் இருக்கிறேன். 2021ல் திட்டம் வந்ததிலிருந்து வட்டாரத்துக்கு ஒரு பிசியோ என்று வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதில் ஒருத்தன். எம்.எஸ்சி. ஃபீஸ் லட்சக்கணக்கில் வரும் மேடம். முதலில் மெய்ட்லண்ட், மல்லிகன், மெக்கென்சி மாதிரி சிகிச்சை முறைகளைச் சொல்லித்தருகிற சனி ஞாயிறு கோர்ஸ்கள் போய் வாருங்கள். நான் மல்லிகன் முடித்தேன். அடுத்த திங்கட்கிழமையே தோள்பட்டை கேஸில் பயன்பட்டது. படித்தது உடனே கைக்கு வருகிறது, செலவும் தாங்குகிற அளவு.

கோவை_ஆசிரியர்:

சட்ட விஷயம் மட்டும் சொல்கிறேன். யு.ஜி.சி.யின் 2020 விதிகளின்படி நம் நாட்டில் பிசியோதெரபியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பட்டப்படிப்பாக நடத்த அனுமதி இல்லை. "வீட்டிலிருந்தே எம்.பி.டி." என்று யாராவது விளம்பரம் செய்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இங்கே எம்.பி.டி. என்றால் 2 வருடம், ரெகுலர், நோயாளிகளோடு, ஆய்வேட்டோடு.

வெளிநாட்டுப் பட்டத்தை வைத்து ஆசிரியர் வேலைக்கோ அரசு வேலைக்கோ போகும் எண்ணம் இருந்தால், சேர்வதற்கு முன்பே சமநிலை (இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற ஏற்பு) கிடைக்குமா என்று எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சேர்ந்துவிட்டு அலைகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாடம் எடுக்கிற ஆசை இருந்தால் எம்.பி.டி.தான் நேர்வழி, பையன் கொஞ்சம் வளர்ந்த பிறகு வந்தாலும் தவறில்லை. வைத்தியம் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அது வேறு கணக்கு. அதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

குன்னூர்_எம்எஸ்கே:

கோத்தகிரி தங்கச்சிக்கு. நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் படிப்பைப் பகுதிநேரமாக முடித்தவள். இப்போது குன்னூரில் கிளினிக் வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் கணக்கு. அங்கே எம்.எஸ்சி. என்றால் மொத்தம் 180 கிரெடிட். 60ல் நிறுத்தினால் சான்றிதழ், 120ல் டிப்ளமோ. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். 20 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 200 மணி நேரம். 12 வாரத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம் ஒதுக்கணும். வேலை, வீடு, பையன் எல்லாம் போக அந்த நேரம் எங்கிருந்து வரும் என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசிவிட்டு விண்ணப்பம் போடு. ஒரு தவணைக்கு ஒரே பாடம்தான், இரண்டு எடுக்காதே. அங்கே சாயங்காலம் 6 மணி வகுப்பு நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. முதல் தவணை செப்டம்பரில் ஆரம்பித்து டிசம்பரில் முடியும். உங்கள் பக்கம் வடகிழக்கு மழையில் மரம் விழுந்து கரண்ட் போகிற மாதங்களும் அவைதான். வகுப்பைப் பதிவுசெய்து தருவார்களா என்று கேட்காமல் சேராதே.

அடுத்தது பாடத்தேர்வு. ஸ்கேன் எழுதிக் கொடுப்பது, மூட்டில் ஊசி போடுவது, மருந்து எழுதுவது எல்லாம் அங்கே இந்தப் படிப்பைச் சுற்றி இருக்கும். தகுதி பெற்ற பிசியோ தானே மருந்து எழுதலாம் என்று 2013லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. குடும்ப டாக்டர் கிளினிக்கில் முதுகுவலிக்காரரை முதலில் பார்ப்பதே பிசியோ என்ற ஏற்பாடும் உண்டு. ஊசியும் மருந்தும் இங்கே நம் கைக்கு வராது. அந்தப் பாடங்களுக்குக் காசைக் கொட்டாதே. முதுகுத்தண்டு, கை கால் மூட்டுகள், கிளினிக்கல் ரீசனிங் (நோயாளியைப் பார்த்து யோசித்து முடிவெடுப்பது), ஆராய்ச்சி முறை, இவற்றை எடு.

இப்போது முக்கியமான விஷயம். எனக்கு அந்தப் படிப்பில் வகுப்பறை கொடுத்தது கால்வாசி. மீதியைக் கொடுத்தவர் பக்கத்தில் நின்ற சீனியர். மேனுவல் தெரபிக்கான (கையால் செய்கிற சிகிச்சை) உலகக் கூட்டமைப்பு ஐ.எஃப்.ஓ.எம்.பி.டி., அதன் தரத்தில் குறைந்தது 150 மணி நேரம் ஒரு வழிகாட்டியின் கண் முன்னால் நோயாளி பார்க்கணும் என்று வைத்திருக்கிறார்கள். நான் பரிசோதிக்கும்போது என் சீனியர் வாயே திறக்க மாட்டார். நோயாளி போனபிறகு கேட்பார்: "வேறு என்னவாக இருக்கலாம்? எதைப் பார்த்திருந்தால் முடிவை மாற்றியிருப்பாய்?" பதில் வரும்வரை விடமாட்டார்.

அதன் பலனைச் சொல்கிறேன். குன்னூர் வந்த பிறகு, காய்கறி லோடு ஏற்றுகிற ஒருவர் கழுத்துவலி என்று வந்தார். ட்ராக்‌ஷன் (கழுத்தை இழுத்து வைப்பது) போடச் சொல்லி டாக்டர் சீட்டு. ஸ்வெட்டர் பட்டனைக் கழற்றவே திணறினார். கேட்டதற்கு "குளிருக்கு விரல் விறைச்சுப் போச்சுங்க" என்றார். மலையில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு நல்ல வெயில், கை சூடாக இருந்தது. நடக்கச் சொன்னேன், காலை அகட்டி வைத்து நடந்தார். நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் உள்ளே மடங்கியது, அதுதான் ஹாஃப்மன் என்கிற அடையாளம். மணிக்கட்டுக்கு மேலே தட்டினால் முழங்கை மடங்குவதற்குப் பதில் விரல்கள் மடங்கின. தண்டுவடம் அழுந்துவதைக் கண்டுபிடிக்க ஐந்து அடையாளம் சொல்வார்கள்: நடை மாற்றம், ஹாஃப்மன், விரல் மடங்கின இந்தத் தலைகீழ் ரிஃப்ளெக்ஸ், பாபின்ஸ்கி (உள்ளங்காலைக் கீறினால் கால் கட்டைவிரல் மேலே தூக்குவது), 45க்கு மேல் வயது. ஐந்தில் மூன்று இருந்தாலே சந்தேகம் வலுத்துவிடும். ட்ராக்‌ஷன் போடவில்லை. டாக்டரிடம் நேரில் போய்ப் பேசி, அன்றைக்கே கடிதத்தோடு கோவைக்கு அனுப்பினோம். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் அழுந்தியிருந்தது. இப்போது பட்டன் தானே போடுகிறார்.

கூடலூர் தம்பி சொன்ன கோர்ஸ்கள் நல்லவைதான், நானும் போயிருக்கிறேன். அவை கையைப் பழக்கும். கை வைக்கக் கூடாத கழுத்து எது என்று முடிவெடுக்க இன்னொரு பழக்கம் வேண்டும், அது இரண்டு நாளில் வராது. அதனால் விண்ணப்பிக்கிற பல்கலைக்கழகத்திடம் கேள்: என் வழிகாட்டி யார், நான் நோயாளி பார்ப்பதை எப்படிக் கவனிப்பார்? தெளிவான பதில் இல்லையென்றால் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சேராதே.

கோத்தகிரி_பிசியோ:

அக்கா, இவ்வளவு விவரமாக யாருமே சொன்னதில்லை, ரொம்ப நன்றி. சார், எனக்கு ஆசிரியர் வேலை எண்ணம் இப்போதைக்கு இல்லை, ஆனாலும் எழுத்து மூலம் கேட்டுவிடுகிறேன். விசாரித்ததில் ஒரு இடத்தில் மட்டும், நாம் நோயாளி பார்ப்பதை வீடியோ எடுத்து அனுப்பினால் வழிகாட்டி பார்த்துப் பேசுவார் என்கிறார்கள். என்னிடம் வருகிற பாட்டிகள் நிறையப் பேர் படுகு மொழிதான் பேசுவார்கள். வீடியோவுக்குச் சம்மதம் எப்படி வாங்குவது? சேருவதற்கு முன்னால் என்ன படித்து வைக்கலாம்?

குன்னூர்_எம்எஸ்கே:

சம்மதத்தை அவர்கள் மொழியிலேயே கேள். யார் பார்ப்பார்கள், எதற்கு, எப்போது அழிக்கப்படும் என்று மூன்றையும் சொல். வேண்டாம் என்றால் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்பதையும் சேர்த்துச் சொல். முகம் தெரியாமல் முட்டியை மட்டும் எடுத்தால் பலர் ஒத்துக்கொள்வார்கள். உன் மருத்துவமனை நிர்வாகத்திடமும் முதலில் அனுமதி வாங்கிவிடு.

படிக்க: பெட்ரோ (PEDro) என்கிற இணையதளம் இலவசம். பிசியோ ஆய்வுகளை 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள். முட்டிவலி என்று தேடி வாரம் ஒரு கட்டுரை படி. முதுகுவலிக்காரர்களுக்கு ஸ்டார்ட் பேக் என்று 9 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. யாருக்கு வலி நாள்பட இழுக்கும் என்று ஓரளவு பிரித்துக் காட்டும். ராத்திரி வலி, எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல் என்று எவராவது சொன்னால் முதுகெலும்புக் காசநோயை நினை. இங்கிலாந்துப் பாடத்தில் அதற்கு ஒரு வரிதான் இருக்கும், நம் ஊரில் அது போதாது. முதலில் 60 கிரெடிட்டுக்கு மட்டும் பணம் கட்டு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

உன் படி சோதனை சரியான திசைதான். அந்த அக்காவை எத்தனை படியில், எவ்வளவு வலியோடு இறங்க வைத்தாய் என்று எழுதி வை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் கிளினிக்கில்தான் இருப்பேன். அவர் சம்மதித்தால் கூட்டிக்கொண்டு வா. நீ பார், நான் பக்கத்தில் நிற்கிறேன், கேள்வியெல்லாம் அவர் கிளம்பின பிறகு.