புதுப்பிப்பு: 'நிலுவை' போய் 'பாக்கி' வந்தது

நான் வடிவமைக்கும் பணிப்பட்டியல் செயலியில் முடித்த வேலை உடனே மறைய வேண்டுமா, கோடு விழுந்து அங்கேயே நிற்க வேண்டுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மறையட்டும் என்றீர்கள், பெரும்பாலோர். திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில் மூன்று நாள் கொடுத்துப் பார்த்தேன். தோல்விதான். "முடித்தேனா, அழித்தேனா, தெரியவில்லையே தம்பி" என்றார் பைண்டிங் செய்யும் பெரியவர். இப்போது கோடு விழுந்து மாலை வரை நிற்கிறது.

வேலை முடிந்ததும் தொடும் தேர்வுக் கட்டத்தை அழகுக்காக 24 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு) வைத்திருந்தேன். மை படிந்த கட்டைவிரலுக்கு அது அகப்படுமா? ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48க்கே போய்விட்டேன். வாசல் வெயிலில் காணாமல் போன சாம்பல் எழுத்தையும் கறுப்பாக்கியாயிற்று.

பெரிய தலைவலி தமிழ்தான். 'நிலுவையில் உள்ளவை' பொத்தானுக்குள் இரண்டு வரியாக உடைந்தது. வரி இடைவெளியைக் குறைத்தால் மேல் வரியிலிருந்து தொங்கும் 'லு'வும் கீழ் வரி எழுத்தும் முட்டிக்கொண்டன. இரண்டு இரவு எழுத்துருவோடு மல்லுக்கட்டினேன். பெரியவர் எட்டிப் பார்த்து, "பாக்கி என்று போடேன்" என்றார். போட்டுவிட்டேன்.

'காலக்கெடு'வைப் பார்த்துத்தான், "ஏன் கெடு வைத்து மிரட்டுகிறாய்?" என்கிறார். அதற்கு மாற்றுச் சொல் இன்னும் சிக்கவில்லை.