மேகமலை ஓவியத்துக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஈக்வடார் 2008-இல் இயற்கையின் உரிமைகளை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. அதை வைத்துத்தான் 2021-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் லாஸ் செட்ரோஸ் காட்டுக்குள் சுரங்கம் வராமல் தடுத்தது. அடுத்த ஆண்டே நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், மேகமலை வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்தில், இயற்கை அன்னைக்குச் சட்ட உரிமை உண்டு என்றது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டு காடுகளையும் ஒரே தாளில் கரித்துண்டால் வரைகிறேன். அங்குள்ள சிலந்திக் குரங்கும் நம் சோலைமந்தியும் பக்கத்துப் பக்கத்தில், வாதிகளாக.

மேகமலை மரங்களைப் பளியர் மக்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்? ஓவியத்தில் அந்தப் பெயர்களையே எழுத ஆசை. அப்புறம், தீர்ப்பின் முக்கியப் பத்தியைத் தமிழாக்கியிருக்கிறேன். வழக்கறிஞர் யாராவது சரிபார்த்துத் தர முடியுமா?