மூச்சை வெளியே விட மெஷின் தரும் சலுகை: உங்களுக்கு எப்படி இருந்தது?

தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நின்றுபோகாமல், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்துகிற சிபாப் மெஷின் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. முதல் பத்து நாளில் நான் மாஸ்க்கோடு தூங்கியதைவிட அதைக் கழற்றி எறிந்ததுதான் அதிகம், அதுவும் தூக்கத்தில், எனக்கே தெரியாமல். உள்ளே இழுப்பதில் சிரமமே இல்லை, காற்று தானாக வந்து நிறைந்துவிடுகிறது. வெளியே விடுவதுதான் பெரும்பாடு. எனக்கு எழுதிக் கொடுத்த அழுத்தம் 9. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதில் வேடிக்கை, படுத்தவுடன் எல்லாம் நன்றாகவே இருக்கும். கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவேன். ஒரு மணி வாக்கில் திடுக்கென்று விழித்தால் விட்ட மூச்சு பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். மெஷினில்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். பொருத்திவிட்டுப் போனவரைக் கேட்டால் "பழகிடும் சார்" என்பார், அவ்வளவுதான். கடைசியில் மெஷினையே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் உள் மெனுவைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். இபிஆர் 3 என்று இருந்தது, அதாவது மூச்சை விடும்போது மட்டும் அழுத்தத்தை 3 குறைக்கிற சலுகை. அதற்குக் கீழே 'ராம்ப் மட்டும்'. அப்படியென்றால், அழுத்தம் 4-இல் தொடங்கி மெல்ல மெல்ல ஏறுகிற அந்த முதல் 30 நிமிடத்துக்குத்தான் சலுகை. 9-ஐத் தொட்டதும் அது போய்விடும், நானோ அப்போது தூக்கத்தில் இருப்பேன். அதை 'முழு நேரம்' என்று மாற்றியதும் அன்றிரவே விடியும்வரை தூங்கினேன்.

சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அதுவரை 2, 3 என்று இருந்த ஏஹெச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு, 8, 9-க்குப் போயிருக்கிறது, காலையில் தலைவலி வேறு. 5-க்குக் கீழே இருந்தால்தான் நல்லது என்பார்கள். காரணம் சின்னக் கணக்குதான்: 9-இல் 3 போனால் 6. தொண்டை பெரும்பாலும் மூடிக்கொள்வது மூச்சை விட்டு முடிக்கிற கட்டத்தில், அந்த நேரம் பார்த்து அதைத் தாங்க இருப்பது வெறும் 6. டாக்டர் சலுகையை 2 ஆக்கி, அழுத்தத்தை 11-க்கு ஏற்றினார். இப்போது விடும்போதும் 9 மிஞ்சுகிறது, ஏஹெச்ஐயும் பழையபடி இறங்கிவிட்டது. சொகுசு அமைப்புதானே என்று நினைத்திருந்தேன், அது சிகிச்சையிலும் கை வைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

*

எனக்கு நேர்மாறு. தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்கிற ஆட்டோ மெஷின், குறைந்தபட்சம் 4, அதிகபட்சம் 20, பெட்டியிலிருந்து எடுத்தபடியே கொடுத்துவிட்டார்கள். இபிஆரை 1, 2, 3 என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன், படுத்ததும் துளி வித்தியாசம் தெரியவில்லை. தெரியாதுதான், 4-க்குக் கீழே மெஷின் இறங்காதே, எங்கிருந்து குறைப்பது? போதாக்குறைக்கு 4-இல் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். குறைந்தபட்சத்தை 7 ஆக்கிய பிறகுதான், உள்ளே இழுக்கும்போது 7, வெளியே விடும்போது 4 என்று அந்த 3-க்கு ஒரு அர்த்தம் வந்தது.

*

எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லாதீர்கள். என் மெஷினில் இந்தச் சலுகை ஃப்ளெக்ஸ் என்ற வகை. விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும், ஆனால் நான் முழுதாக விட்டு முடிக்குமுன்பே திரும்ப ஏறிவிடும். நானோ மூச்சை நிதானமாக, நீளமாக விடுகிற ஆள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று பின்னால் நின்று யாரோ விரட்டுகிற மாதிரி இருந்தது. மூன்று மாதம் சகித்துவிட்டு மொத்தமாக அணைத்துவிட்டேன், என் அழுத்தம் 7-தான் என்பதால் தாங்குகிறது.

*

எனக்கு வயிறுதான் பிரச்சினை. இரவெல்லாம் காற்றை விழுங்கிவிட்டு, காலையில் பந்து மாதிரி வயிற்றோடு எழுந்து அரை மணி நேரம் ஏப்பம் விடுவேன். அடுத்த அறையில் இருக்கிற மகள் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பாள், அலாரமே வேண்டாம் என்பாள். அழுத்தம் 13. சலுகையை 3-இல் வைத்ததும் வயிறு அடங்கியது. ஆனால் மெஷினின் மெமரி கார்டை, அதன் பதிவுகளைக் காட்டுகிற ஆஸ்கர் மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது, தொண்டை அடைக்காமலேயே மூச்சு நின்றுபோகிற நிகழ்வுகள் புதிதாகத் தலைகாட்டின. சிலருக்கு இப்படி ஆகும், மூச்சு தாராளமாகப் போய்வருவதால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, மூச்சை இழு என்ற தூண்டுதலே மந்தமாகிவிடும் என்றார் டாக்டர். அவர் சொல்லி இப்போது 1-இல் இருக்கிறேன். அந்த நிகழ்வுகள் குறைந்துவிட்டன. ஏப்பம் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, மகளும் பழையபடி சீக்கிரம் எழுந்துகொள்கிறாள்.